பிசிறு விட்ட பறவைகள்

தேவாலாவில், ஜாகீர் வீட்டு மாடியறையில் அந்த ரஜாயை, பஞ்சு வைத்துத் தைத்த போர்வையை, விரித்தபோது அங்கே இருந்தவர்கள் இவர்கள்: பெண்ணைப் பெற்றவரான ஊட்டி ஷௌகத் அலி, அவருடைய மருமகள் நாஜ்னீன், மாப்பிள்ளை இக்ராம், மாப்பிள்ளையின் தகப்பனார் பேக்கரி ஜாகீர், ஜாகீரின் அக்கா ஆபிதா, ஜீப் ஓட்டி வந்த சின்னராஜ். வேறு யாரும் இல்லை. கல்யாணப் பெண் ஷாயிஸ்தா ஊட்டியில் தன் வீட்டில் இருந்தாள். பிற்பாடு ஊட்டி பஜாரில் கண்ணால் கண்டதுபோலப் பேசியவர்களில் ஒருவர்கூட அன்று அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஷௌகத் அலிக்கு ஊட்டி பஜாரில் தையல் கடை. தகப்பனார் காலத்திலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோட்டு தைத்துக் கொடுக்கிற கடை. கோட்டு வாங்க வருகிறவர்களுக்கு அவர் முன்பக்கத்தைக் காட்டமாட்டார். உள்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடிப்பார். ஓர் ஓரம்கூட வெட்டினபடி நிற்காது. மடித்து, தைத்து, மறைத்திருக்கும். வெட்டின ஓரத்தில் நூல் பிரிந்து நிற்பதற்குத் தையல்காரர்கள் பிசிறு என்று சொல்வார்கள். ஷௌகத் அலியின் வாயில் அது வசவு. ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால், "அவனா? பிசிறு" என்பார். அதற்குமேல் அவனைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது.

அப்படிப்பட்டவர் கடையில்தான், அவருடைய கூரையின் கீழேயே, பிசிறு விட்டுத் தைக்கிற வேலை நடந்தது.

ஷாயிஸ்தாதான் கேட்டாள். "அண்ணி, கடையில விக்கிற வெல்வெட் ரஜாய் எனக்கு வேண்டாம். நம்ம மலைக் குருவிங்களா வெச்சு நீயே ஒண்ணு தெச்சுக் குடு" என்றாள். நாஜ்னீனும் தலையாட்டிவிட்டாள். கடையில் மிஞ்சின பருத்தித் துண்டுகளைப் பொறுக்கினாள். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் பசைத்தாளில் பறவைகளை வரைந்து, துணியின் முதுகில் ஒட்டி, கோடு பிசகாமல் வெட்டினாள். காட்டுக்கோழி, மரங்கொத்தி, கொண்டைக்குருவி, நீல ஈப்பிடிப்பான், அலகு கனத்த இருவாச்சி. எல்லாவற்றையும் வெளிர்சாம்பல் துணியில் பதித்து, ஓரத்துக்குச் சற்று உள்ளே மெஷினை ஓட்டினாள். பென்சிலால் கிறுக்கினதுபோல ஒரே இடத்தில் இரண்டு மூன்று கோடுகள் போகும். ஓரம் மட்டும் வெட்டினது வெட்டினபடியே இருக்கும்.

ஷௌகத் அலி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, ஓரம் மடிக்கலையா?"

"இல்லீங்க மாமா. இந்தத் தையல்ல மடிக்க மாட்டாங்க."

"மாட்டாங்கன்னா? எவன் மாட்டான்?"

"மடிச்சா அலகு மழுங்கிருங்க மாமா. மரங்கொத்தி மைனா ஆயிரும்."

"ஆகட்டுமே. மைனாவுக்கு என்ன குறைச்சல்?"

நாஜ்னீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினைப் பார்த்துக் குனிந்தாள். பிறகு, "பஞ்சு வெச்சுத் தெச்சு முடிச்சதும் ஒருக்கா அலசிக் காயப்போட்டுட்டா நல்லா வரும் மாமா. தண்ணி பட்டாத்தான் ஓரம்..." என்று ஆரம்பித்தாள்.

"அலசறதா?" அவர் குரல் கடைக்கு வெளியே போயிற்று. "கல்யாணத்துக்குக் குடுக்கற புதுச் சாமானத் தண்ணியில போடறதா? கஞ்சி போன துணியக் கையில தொட்டதுமே பழசுன்னு சொல்லிருவாங்க. தையக்கடைக்காரன் ஊட்டுல இருந்து பழந்துணியாவா போகணும்?"

அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. தையல் முடிந்த ரஜாய் தண்ணீர் காணாமலே மடிக்கப்பட்டது. பறவைகள் சுவரொட்டிபோல மொடமொடவென்று தட்டையாகக் கிடந்தன. சுற்றிலும் நூல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைநீட்டிக்கொண்டிருந்தன. ஷௌகத் அலி அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருடைய கவலை சும்மா வந்த கவலை அல்ல. அவர்கள் வழக்கத்தில், நிக்காஹுக்கு முன்னால் பெண் வீட்டார் போய் மணமக்களின் படுக்கையை விரித்துவிட்டு வரவேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். அன்றைக்கு அவள் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்போடுதான் பெண் அங்கே போய் வாழவேண்டும். ஆபிதாவோ வாய்க்குப் பேர்போனவள். மகளை முதல் நாளே தலைகுனிய வைப்பதா, அதுவும் தன் கடைத் தையலாலேயா என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

ஆகவே அவர் ஒரு காரியம் செய்தார். பஜாரிலேயே இன்னொரு கடையில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையோடு மெரூன் நிற வெல்வெட் ரஜாய் ஒன்று வாங்கினார். சின்னராஜைத் தவிர யாருக்கும் அது தெரியாது. வெல்வெட்டை ஜீப்புக்குள் பின்சீட்டுக்கு அடியில் தள்ளினார். பறவை ரஜாயைத் தார்ப்பாயில் சுற்றி மேலே கேரியரில் கட்டச் சொன்னார். போய்ச் சேர்ந்ததும் வெல்வெட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிடுவது, மற்றதை அவசரத்தில் மறந்ததாகச் சொல்லிக்கொள்வது என்று கணக்கு.

நடுவட்டம் தாண்டுகிறவரை கணக்கு சரியாகத்தான் இருந்தது. இறக்கத்தில் மழை பிடித்தது. கூடலூரில் வலுத்தது. தேவாலாவில் அதற்குப் பேரே வேறு. ஜீப்பின் வைப்பர் துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் தண்ணீர்தான் இருந்தது.

ஜாகீரின் பேக்கரி வாசலில் வண்டி நின்றதும் ஷௌகத் அலி பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டார். அதற்குள் இக்ராம் கேரியர்மேல் ஏறிவிட்டான். துபாயிலிருந்து லீவில் வந்த பிள்ளை, மாமனார் முன்னால் சும்மா நிற்கக்கூடாது என்ற எண்ணம். "நீங்க இருங்க மாமா, நான் எடுக்கறேன்" என்று மூட்டையை இழுத்தான். தார்ப்பாயின் மடிப்பில் தேங்கியிருந்த தண்ணீர் அவன் தலையிலேயே கொட்டிற்று. உள்ளே இருந்த ரஜாய் எப்போதோ ஊறிப்போயிருந்தது.

ஆபிதா குடை பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். சொட்டுகிற மூட்டையைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள்.

"ஏனுங்க சம்பந்தி, பறவை வெச்ச ரஜாய்னு சொல்லிட்டிருந்தாங்க. நனைஞ்ச கோழியத்தான கொண்டாந்திருக்கீங்க?"

ஷௌகத் அலிக்குக் காது மடல் சுட்டது. சின்னராஜ் மெதுவாக நெருங்கி, "முதலாளி, அதை எடுத்தரட்டுங்களா?" என்று முணுமுணுத்தான். வெல்வெட்டை எடுத்துவிட்டால் முடிந்தது. மழைமேல் பழி போகும், மானம் வீட்டுக்குத் திரும்பும்.

ஆனால் அவர் கண் நாஜ்னீன்மேல் போயிற்று. அவள் ரஜாயின் ஒரு முனையை விரித்து, மரங்கொத்தியின் சிவப்புக் கொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாம்பல் துணிக்கு அடுத்து சிவப்பு. சாயம் கசிந்திருந்தால் இந்நேரம் எல்லாம் ரத்தக்காடாகியிருக்கும். தையல்காரருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். கொண்டையின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

இருவாச்சியின் மஞ்சளில் அழுத்தினார். வெள்ளை. ஈப்பிடிப்பானின் நீலத்தில் அழுத்தினார். வெள்ளை.

"சாயம் போகலையேம்மா!"

"போகாதுங்க மாமா. நறுக்கறதுக்கு முந்தியே எல்லாத் துண்டையும் ஊறவெச்சுக் காயப்போட்டேன்."

"எப்ப?"

"நீங்க தொழுகைக்குப் போற நேரமாப் பாத்து."

அவர் அவளை முறைத்தார். முறைத்தபடியே மூச்சு இறங்கிற்று. நனைந்தும் சாயம் விடாத துணியை ஜீப்பில் ஒளித்துவைத்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் வந்ததைத் தூக்கிக்கொண்டு படியேற அவருக்குக் கால் வரவில்லை. "கம்முனு இரு" என்றார் சின்னராஜிடம்.

"பேசிட்டே நின்னா காயுமா? போர்மாவுக்குக் கொண்டாங்க" என்றாள் ஆபிதா.

ரொட்டி சுடுகிற அடுப்பை அங்கே போர்மா என்பார்கள். ஜாகீரின் போர்மாவுக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. அடுப்புச் சுவரின் சூடு இரவும் பகலும் அங்கே இருக்கும். தேவாலாவில் மழைக்காலத்தில் வெளியே துணி காயாது. தெருக்காரர்களின் பள்ளிக்கூடச் சட்டை, குழந்தைத் துணி, தொழுகைப் பாய் எல்லாம் அந்த அறையில்தான் கயிறு கயிறாகத் தொங்கும். ஆபிதா அவற்றை இரண்டு பக்கமும் ஒதுக்கினாள். ரஜாயைப் பிழிந்து, உதறி, குறுக்கே போட்டார்கள். ஜாகீர் இஞ்சி தட்டிப்போட்ட டீயும் சூடான பன்னும் கொடுத்தார். இக்ராமும் சின்னராஜும் ஆளுக்கொரு முனை பிடித்து அவ்வப்போது புரட்டினார்கள். ஒவ்வொரு புரட்டலுக்கும் ஆபிதா உள்ளங்கையால் பறவைகளைத் தட்டிக்கொடுத்தாள். ஷௌகத் அலி முதுகை நிமிர்த்தி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பன்னைத் தொடவில்லை.

காய்ந்தபின் மாடிக்குக் கொண்டுபோய் விரித்தார்கள்.

ஷௌகத் அலி முதலில் வேறு ரஜாயோ என்றுதான் நினைத்தார். உள்ளே இருந்த பஞ்சு சுருங்கி மேல்துணி மேடும் பள்ளமுமாக எழும்பியிருந்தது. தட்டையாகக் கிடந்த பறவைகளுக்கு மாரும் வயிறும் வந்திருந்தன. வெட்டின ஓரங்களில் நூல் பிரிந்து, தையல் கோடுவரை போய் அங்கே நின்று, பூனைமயிர்போல மெத்தென்று சிலிர்த்திருந்தது. காட்டுக்கோழியின் கழுத்தில் பிடரிமயிரே நின்றது.

ஆபிதா குனிந்தாள். விரலால் ஓரத்தை நீவினாள். நிமிராமலே கேட்டாள்.

"ஏனுங்க சம்பந்தி, சுத்தியும் ஒரே பிசிறா இருக்குது?"

அந்தச் சொல்லையே சொல்லிவிட்டாள். நாஜ்னீன் முந்தானையைத் திருகினாள். சின்னராஜ் ஜன்னலைப் பார்த்தான். அவசரத்தில் விட்டுப்போயிற்று, சின்னப் பெண் தெரியாமல் செய்துவிட்டாள் என்றெல்லாம் சொல்ல ஷௌகத் அலிக்கு வாய்க்கு வார்த்தை கிடைக்காமல் இல்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிசிறுதானுங்க. எங்க மருமக வேணும்னே விட்டது. எங்க கடை மெஷின்ல, எங்க கடைத் துணியில தெச்சது."

"அதான கேட்டேன்" என்றாள் ஆபிதா. "நெசக் குருவி மழையில நனைஞ்சுட்டு வந்து சிலுத்துக்கிட்டு நிக்கிறாப்பல இருக்குது. ஏம்புள்ள நாஜ்னீன், எம்பட கட்டிலுக்கு ஒண்ணு தெச்சுக் குடுப்பியா? எனக்குக் காட்டுக்கோழி நெறைய வேணும்."

"சாப்பிடறதுக்கா, அக்கா?" என்றார் ஜாகீர்.

"நீ போய் உன்ற ரொட்டியப் பாரு. கருகற வாசம் வருது."

நாஜ்னீன் வாய்விட்டுச் சிரித்தாள். ஷௌகத் அலி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கீழேயிருந்து ஒரு பன் வரவழைத்துத் தின்றார்.

கிளம்புகிற நேரத்தில் இக்ராம் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் பையை இழுத்தெடுத்தான். "மாமா, இதை எறக்க மறந்துட்டீங்களே?"

"அது சின்னராஜோடது" என்றார் ஷௌகத் அலி, இமைக்காமல். "நடுவட்டத்துல அவன் ஊட்டுல குளிர் சாஸ்தி. வேணும்னு கேட்டிருந்தான்."

சின்னராஜ் ஒரு கணம் திகைத்தான். பிறகு, "ஆமாங்க தம்பி, நான்தான் ரொம்ப நாளாக் கேட்டுட்டே இருந்தனுங்க" என்று பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். சொன்னது சொன்னதுதான். நடுவட்டத்தில் ஜீப்பை நிறுத்தி, வெல்வெட்டை அவன் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் மேலே போனார்கள்.

பைக்காரா வரும்போது ஷௌகத் அலி, முன்சீட்டிலிருந்து திரும்பாமலே, "மரங்கொத்தி அலகு நல்லா வந்திருக்குது" என்றார்.

"மைனா ஆகலீங்களே மாமா?" என்றாள் நாஜ்னீன்.

"ஆகலை" என்றார்.

வெல்வெட் விற்ற கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை போலும். கல்யாணம் முடிந்த கையோடு பஜாரில் ஒரு பேச்சு கிளம்பிற்று. ஓரம் பிசிறாக இருக்கிறது என்று தேவாலாக்காரர்கள் ரஜாயைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்; ஷௌகத் அலி அவசரமாக வெல்வெட் வாங்கிக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டாராம்.

ரஜாய் திரும்பி வரவில்லை. அது தேவாலாவில் ஷாயிஸ்தாவின் கட்டிலில் இருக்கிறது. வெல்வெட் நடுவட்டத்தில் சின்னராஜ் வீட்டில் இருக்கிறது.