வேகமாக ஓடிய பாட்டு

அம்மா இறந்த பிறகு சின்ன மகள் எழுதிய பாட்டில் கேள்விகள் மட்டும்தான் இருந்தன. கேஸை மூடினியா, கதவைப் பூட்டினியா, குடையை எடுத்தியா, சாப்பிட்டியா. அம்மா வாசலில் நின்று தினமும் கேட்டவை. அவற்றை மிக மெதுவான மெட்டில் போட்டு அவளே பாடியிருந்தாள்.

கேட்ட தோழிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. இரண்டாவது வரி முடிவதற்குள் எழுந்து போய்க் கை கழுவினார். "நல்லாயிருக்கு குட்டி" என்றார், பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கேட் போட்டபோது சொன்ன அதே குரலில்.

அப்பாவுக்குப் பிடிக்காவிட்டால் பாட்டை வெளியே விடுவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஆனால் பிடித்திருக்கிறதா என்று நேராகக் கேட்க வாய் வரவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று பாட்டுக்கு வீடியோ எடுக்க அவள் கூப்பிட்டவன், கூடப் படித்தவன். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். எல்லோரும் அவனை முதலில் கேலியாகவும் பிறகு பழக்கத்திலும் டைரக்டர் என்றே கூப்பிட்டார்கள். வந்ததும் சமையலறையைச் சுற்றிப் பார்த்தான். அவள் அடுப்புப் பக்கம் நின்று பாட வேண்டும், அப்பா பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றான்.

"நான் எதுக்குப்பா? எனக்கு நடிக்க வராது."

"நடிக்கவே வேணாம் அங்கிள். வெங்காயம் உரிங்க, போதும்."

"அது தினம் பண்றதுதான்" என்று அவர் கத்தியை எடுத்துக்கொண்டார்.

எல்லாம் மெதுவாக நகர வேண்டும் என்பது டைரக்டரின் ஆசை. அதற்கு ஒரு வழி உண்டு. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அதற்கேற்ப வாயசைத்து எடுக்க வேண்டும். பிறகு படத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், உதடு பாட்டோடு சரியாகப் பொருந்தும். கொதிக்கும் தண்ணீரின் ஆவி மட்டும் மேகம் போல மிதக்கும்.

கேமரா ஓடியது. ஸ்பீக்கரிலிருந்து பாட்டு பாய்ந்து வந்தது. அவளுடைய சோகக் குரல் கீச்சுக்குரலாகி, கேள்விகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடின. கேஸைமூடினியாகதவைப்பூட்டினியா. உதட்டை விடாமல் அசைத்துக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் கத்தியின் சத்தம் நின்றது.

"மூடிட்டேன்டி!" என்றார் அப்பா.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயை மட்டும் நிறுத்தவில்லை.

"பூட்டிட்டேன். எடுத்துட்டேன். அட, மூச்சு விட்டுக் கேளேன்!" அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வெங்காயம் மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது.

பாட்டு முடிந்தது. கட் சொல்ல டைரக்டருக்கு மறந்துவிட்டது.

"குட்டி, இதுதான் உங்கம்மா" என்றார் அப்பா. "அந்த மெதுவா பாடினது யாரோ நர்ஸ் தாலாட்டுற மாதிரி இருக்கு. மருந்துக்கடையில உங்கம்மா மாத்திரை எப்படிச் சாப்பிடணும்னு படபடன்னு சொல்வா, பாரு. படியிறங்கினவங்க திரும்பி வந்து கேட்பாங்க. ஒரு ஆளு மூணு தடவை வந்தாரு. கடைசியில கையைப் பிடிச்சு, அம்மா, எழுதிக் கொடுத்துடுங்கன்னாரு." சொல்லிக்கொண்டே குனிந்து வெங்காயத்தைத் தேடினார். அவளும் குனிந்தாள்.

மறுநாள் டைரக்டரின் அறையில் படத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார்கள். உதடு கச்சிதமாகப் பொருந்தியது. ஆவி மிதந்தது. பின்னால் அப்பாவின் முகம் மெல்லச் சுருங்கி, வாய் கோணி, தோள் குலுங்கியது.

"செம!" என்றான் டைரக்டர். "சிரிப்பை இழுத்தா அழுகை. பார்க்கிறவங்க உருகிடுவாங்க."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டோடு இது எவ்வளவோ நன்றாகப் பொருந்தியது. அதுதான் உறுத்தியது.

"அவர் அழலை."

"யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியும். படத்தை மெதுவாக்க வேணாம். எடுத்த வேகத்துலயே விடு."

"பாட்டு?"

"அது மெதுவாவே இருக்கட்டும்."

"விளையாடறியா? லிப் சிங்க் போயிடும். பாட்டு பாதியில இருக்கும்போதே நீ வாயை மூடிடுவ."

"மூடிட்டுப் போறேன்."

"மீதிப் பாட்டுக்கு என்ன காட்டறது?"

"நீதான் கட் சொல்லலையே. கேமரா ஓடிட்டுத்தானே இருந்தது."

டைரக்டர் தலையைச் சொறிந்தான். அன்று முழுக்க முணுமுணுத்தபடியே வேலை செய்தான். வீடியோவில் தன் பெயரைப் போடக் கூடாது என்றுகூடச் சொன்னான்.

மாலையில் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அவள் கதவோரம் நின்றாள். பாட்டு தொடங்கியது. இரண்டாவது வரி கடந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. திரையில் அவள் உதடுகள் படபடத்து எல்லாக் கேள்விகளையும் கேட்டு முடித்தன. அவர் பின்னாலிருந்து பதில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சத்தம் படத்தில் இல்லை. அதன் பிறகும் பாட்டு நிதானமாக, குடையை எடுத்தியா என்று கேட்டுக்கொண்டிருந்தது. திரையில் இரண்டு பேர் மேசைக்கடியில் வெங்காயம் தேடினார்கள்.

"நீ முடிச்சிட்ட. பாட்டு இன்னும் முடியலையே?" என்றார்.

"ஆமாப்பா. வேணும்னுதான்."

அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "இதுல நான் என்ன பேசிட்டிருக்கேன்?"

"மாத்திரை வாங்க வந்தவர் கதை."

"ஓ." கடைசி வரி தேய்ந்து முடியும்வரை அவர் போனைக் கீழே வைக்கவில்லை. "ரொம்ப மெதுவாத்தான் கேட்கிறா. பதில் சொல்றதுக்குள்ள தூங்கிடுவேன்."

"அப்போ வேணாமா?"

"நான் அப்படியா சொன்னேன்? போடு" என்றார். "அந்த ஸ்பீடுப் பாட்டை மட்டும் எனக்குத் தனியா அனுப்பு."