இரண்டு விரற்கடை

டீச்சர் சோபாவின் இடுக்கில் முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். ஒரு சீப்பு வந்தது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் வந்தது. மகள் குட்டி தொலைத்துவிட்டதாகச் சத்தியம் செய்திருந்த பென்சில்கள் இரண்டும் வந்தன. தேடிய போன் மட்டும் வரவில்லை. மணிச் சத்தத்தை அணைத்து வைத்திருந்ததால் அடித்துப் பார்த்தும் பயனில்லை.

போனுக்குச் சொந்தக்காரர் அவளுக்குப் பின்னால், ஹாலின் நடுவில், கழுத்துவரை வெள்ளைப் போர்வை மூடப் படுத்திருந்தார். கணவனின் அண்ணன். மாமா என்று கூப்பிடுவாள். காலை ஆறரைக்குக் கீழ் வீட்டு டாக்டர் மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து நாடி பார்த்து, "தூக்கத்துலயே போயிட்டாரு. ஹார்ட்தான். கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு நீலக் கவசம் அணிந்த இருவர் வந்து மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்துப் போனார்கள். தொற்று இல்லை என்று பகல் பன்னிரண்டுக்குத் தகவல் வந்தது. மூன்று மணிக்கு வண்டி வரும், கூட இரண்டு பேர் மட்டும் போகலாம். அந்தக் கோடையில் எல்லா வீட்டுக்கும் அதுதான் சட்டம்.

"கிடைச்சுதா?" என்று கேட்டான் கணவன். குரல் கம்மிப்போயிருந்தது.

"இல்லங்க."

"கம்பெனிக்குச் சொல்லணும். அவனோட வேலை பாக்குறவருக்குச் சொல்லணும். ஒருத்தர் நம்பரும் எனக்குத் தெரியாது. அண்ணனாம், தம்பியாம்."

அவள் மறுபடி இடுக்கில் கையை விட்டாள். போன் கிடைக்கவேண்டும் என்று அவனுக்கு ஒரு காரணம் இருந்தது. கிடைக்காமலே போனால் தேவலை என்று அவளுக்கு ஒரு காரணம் இருந்தது.

மாமா லிஃப்ட் மெக்கானிக். மனைவி போய் ஆறு வருஷம். பிள்ளைகள் கிடையாது. ஊரின் அந்தக் கோடியில் ஓர் ஒற்றை அறை, ஒரு ஸ்டவ், ஒரு கட்டில். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று மாற்றுடை ஒன்றும் சாமான் பை ஒன்றுமாக வந்தவர் அவர். வந்த அன்று மாலையே நாடு முழுக்க எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். இரண்டு நாள் எழுபத்து மூன்று நாளாயிற்று.

இரண்டே படுக்கையறை உள்ள வீடு. ஓர் அறையில் கணவன் லேப்டாப்போடு ஆபீஸ் நடத்தினான். இன்னொன்றில் குட்டி பள்ளிக்கூடம் போனாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து டீச்சர் கணக்குப் பாடம் எடுத்தாள். மிச்சமிருந்த ஹால் முழுக்க மாமா. ஐந்து மணிக்கு எழுந்துகொள்வார். எழுந்தது தெருவுக்கே தெரியும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றிப் போட்டு, "இதுல ஒரு சத்தம் வருது கேட்டியா?" என்பார். ஒருநாள் அவள் பின்னங்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் பனியனோடு நின்று சுவரில் டிரில் போட்டார். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. "மாமா! அதை இப்பவே நிறுத்தப்போறீங்களா இல்லையா?" என்று அவள் கத்தியது நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் கேட்டது. அன்றைக்குப் பாத்திரங்கள் பட்ட பாடு பாத்திரங்களுக்குத்தான் தெரியும்.

ஐம்பதாவது நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். தக்க காரணம் இருந்தால் ஊருக்குள் போய்வர ஆன்லைனில் பாஸ் கொடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கணவனிடம் மூச்சுவிடவில்லை. காதும் காதும் வைத்த மாதிரி மாமாவின் பெயரில் விண்ணப்பித்தாள். காரணம் என்ற கட்டத்தில் 'வீடு திரும்ப' என்று எழுதினாள். அவருடைய போனுக்கு ஓர் எண் வரும், அதைப் போட்டால்தான் மேலே போகும் என்றது திரை.

"மாமா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். கொஞ்சம் படிங்களேன்."

"எதுக்கும்மா?"

"காய்கறி ஆர்டருக்கு. என் நம்பர்ல எடுக்க மாட்டேங்குது."

மாமா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். போனைத் தள்ளிப் பிடித்தார். சற்று நேரம் பார்த்தார். "நாலு... ஒண்ணு... ஒம்போது..." என்று நிறுத்தி நிறுத்தி ஆறு எண்களையும் படித்தார். "வந்துருச்சா? சரியா இருக்கா?" என்று வேறு கேட்டார்.

பாஸ் வந்தால் அவர் போனுக்குத்தான் வரும். வந்தால் சொல்லுவார் என்று இரண்டு நாள் பார்த்தாள். சொல்லவில்லை. தரவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். அதன்பிறகு அவள் மாறிப் பொன்னாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. திட்டு தொடர்ந்து நடந்தது. ஆனால் பால் பாக்கெட்டை அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சோப்புப் போட்டுக் கழுவுவதை, ஒருவர்மேல் ஒருவர் நுரை தெளிப்பதை, அவள் அடுக்களையிலிருந்து பார்ப்பாள். பதினைந்து வருஷக் குடும்பத்தில் கணவன் இப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. பால்கனியில் கப்பி கட்டி, கூடை இறக்கி, மாமாவும் குட்டியும் நாலு மாடிக்குக் காய்கறி ஏற்றினார்கள். "லிஃப்ட் பெரியப்பா" என்று அவருக்குக் குட்டி பேர் வைத்தாள்.

இன்று காலை ஐந்து மணிக்குச் சத்தம் இல்லை. 'அப்பாடா, இன்னைக்காவது' என்று நினைத்து அவள் புரண்டு படுத்தாள். ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கினாள். எழுந்து டீ போட்டு எடுத்துக்கொண்டு போய், "மாமா, விடிஞ்சாச்சு" என்று சொன்னபோதுதான் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரத் தூக்கம் காலையிலிருந்து முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

போன் தானாகவே அதிர்ந்தது. சாமான் பைக்குள்; பக்கத்தில் போனபோதுதான் காதில் விழுந்தது. ஸ்பானர்களுக்கு நடுவில் கிடந்ததை அவள் எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

"எனக்குத் திறக்கத் தெரியும்மா" என்றாள் குட்டி. அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. திரையில் விரலால் படிக்கட்டுபோல ஒரு கோடு இழுத்தாள். திறந்துகொண்டது.

டீச்சர் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கூப்பிட்டது யார் என்று பார்க்கவேண்டியவள், மெசேஜ்களைத்தான் முதலில் பார்த்தாள். இருந்தது. அன்றைய தேதி. 'பயண அனுமதி விண்ணப்பத்துக்கான ரகசிய எண் 419206. யாரிடமும் சொல்ல வேண்டாம்.'

எண்ணோடு சேர்த்து எதற்கான எண் என்றும் எழுதியிருப்பார்கள் என்பது, பன்னிரண்டு வருஷமாகக் கணக்கு நடத்துகிறவளுக்கு அன்று தோன்றவே இல்லை. மாமா கண்ணாடி மாட்டிக்கொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் படித்திருக்கிறார். நாலு, ஒண்ணு, ஒம்போது.

மறுநாள் தேதியில் இன்னொன்று. 'உங்கள் பயண அனுமதி வழங்கப்பட்டது. ஏழு நாள்களுக்குச் செல்லும்.'

ஆக, இருபத்து மூன்று நாளாக அவருக்குத் தெரியும். இந்த வீட்டில் தன்னை வேண்டாம் என்று நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அந்தச் சாப்பாடு எப்படி இறங்கியிருக்கும்? பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

கையிலிருந்த போன் மறுபடி அதிர்ந்தது.

"டேய், எங்கடா போன? காலையிலேர்ந்து பத்து வாட்டி அடிச்சுட்டேன்!" என்றது ஒரு கட்டைக் குரல்.

"நான் அவர் தம்பி வீட்டுக்காரி பேசுறேன்."

"டீச்சரம்மாவா? வணக்கம்மா. நான் அவனோட ஜோடி மெக்கானிக். இருபது வருஷமா நாங்க ரெண்டு பேரும்தான் ஒண்ணா வேலைக்குப் போவோம். எங்கம்மா அவன்?"

அவள் சொன்னாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"தனியா இல்லையே? கூட எல்லாரும் இருந்தீங்கல்ல?"

"இருந்தோம்."

"அது போதும்மா. அது போதும்."

வைத்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாகிவிட்டது. "அண்ணே, ஒண்ணு கேக்கணும். பாஸ் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? என்மேல வருத்தமா இருந்தாரா?"

"வருத்தமா? அவனா?" கட்டைக் குரல் அழுகைக்கு நடுவில் சிரித்தது. "அன்னிக்கே போன் பண்ணிச் சொன்னாம்மா. 'எங்க டீச்சர் எனக்குத் தெரியாம எனக்கே பாஸ் போடுதுடா, நம்பரை நானே படிச்சுக் குடுத்தேன்'னு விழுந்து விழுந்து சிரிச்சான். எனக்குத்தான் கோவம். ரோஷமில்லையாடா உனக்கு, கெளம்பி வான்னு சொன்னேன். அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா?"

"சொல்லுங்கண்ணே."

"'ஆறு வருஷமா என்னை யாருடா திட்டினா? என் ரூம்ல நான் இடிச்சாலும் ஒடச்சாலும் ஏன்னு கேக்க ஆள் இல்ல. இங்க ஒரு ஸ்பானர் கீழ விழுந்தா போதும், மாமான்னு ஒரு அதட்டல் வருது. அஞ்சு நிமிஷத்துல பின்னாடியே டீ வருது. இதை விட்டுட்டு நான் எதுக்குடா வரணும்? பாஸ் வந்ததை மட்டும் வெளிய விட்டுடாத, அப்புறம் போகவேண்டியதாயிடும்'னான். அந்தப் பாஸை அப்படியே அமுக்கிட்டாம்மா, களவாணி."

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் அழுதாள் என்று அவளுக்கே தெரியாது. அழுகை அடங்கியபோது அந்த ஒற்றை அறை கண்முன் வந்தது. உள்ளே தாழிட்ட கதவு. எத்தனை நாள் கழித்து யார் தட்டியிருப்பார்கள்? அவள் நினைத்தது நடந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். அவர் நடக்கவிடவில்லை. பாஸை மறைத்து, மூச்சுவிடாமல், பிடிவாதமாக உட்கார்ந்து அவளைக் காப்பாற்றிவிட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் நன்றியாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். சோபாவிலிருந்து எடுத்த சீப்போடு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"தலையைப் பாருங்க, கலைஞ்சு போய்க் கெடக்கு. நாலு பேர் வர்ற நேரத்துல இப்படியா இருப்பாங்க? சீப்பை எடுத்தா எடுத்த எடத்துல வெக்கணும்னு எத்தனை தடவை சொல்றது? எல்லாத்தையும் சோபாவுக்குள்ள போட்டுட்டு அப்புறம் வீடு பூரா தேடவேண்டியது..."

கணவன் பதறி எழுந்தான். "என்ன பேசுற நீ? அவன்கிட்ட போய்..."

"நீங்க சும்மா இருங்க. இது எனக்கும் அவருக்கும்."

நிதானமாக வகிடு எடுத்துச் சீவினாள். காதோரம் ஒட்டியிருந்த கிரீஸ் கறையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "மாமா, போகாம இருந்தீங்களே" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நல்லா இருந்துச்சு மாமா."

மூன்றரைக்கு வண்டி வந்தது. இருவர் சக்கர ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தார்கள். மாடி வீட்டுக்காரர்கள் வாசலைத் தாண்டாமல், மாஸ்க்கோடு, கைகட்டி நின்றார்கள். கணவனும் குடியிருப்புச் சங்கச் செகரட்டரியும் வண்டியில் போவதாக ஏற்பாடு.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் நாலாவது மாடியில் மட்டும் ஒழுங்காக நிற்காது. தரைக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றுவிடும். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை தடுக்கினார்கள். பழகியவர்கள் கீழே பார்த்துக் கால் வைத்தார்கள். மாமாவுக்கு வந்த நாளிலிருந்தே அது உறுத்தல். போன மாதம் செகரட்டரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஒரு பகல் முழுக்க லிஃப்ட் மேலே ஏறி உட்கார்ந்து வேலை பார்த்தார். அதாவது, பாஸ் கையில் இருந்த அந்த ஏழு நாளில் ஒரு நாள். கடைசியில் குட்டியின் சக்கரம் வைத்த ஸ்கூல் பையைப் படுக்கப் போட்டு, அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீரைத் தளும்பத் தளும்ப வைத்து, உள்ளேயும் வெளியேயும் பத்துத் தடவை இழுத்துக் காட்டினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கிரீஸும் அழுக்குமாக வீட்டுக்குள் வந்தவரை, "அப்படியே நில்லுங்க! நோயை வீட்டுக்குக் கொண்டுவரவா?" என்று அவள் வாசலிலேயே நிறுத்திக் கை கால் கழுவவைத்தாள். சிரித்துக்கொண்டே கழுவினார்.

லிஃப்ட் கதவு திறந்தது. "பார்த்துங்க, வாசல்ல தட்டும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், பழக்கதோஷத்தில். முன்னால் போனவர் சக்கரத்தைத் தூக்கி இறக்கத் தயாராகக் குனிந்தார். தூக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் அதுபாட்டுக்கு உள்ளே போயிற்று. போர்வையில் ஒரு மடிப்புக்கூட அசையவில்லை.

கதவு மூடிக்கொண்டது. மேலே மூன்று, இரண்டு, ஒன்று என்று விளக்கு இறங்கியது. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாமளும் கீழ போய் வண்டி கெளம்புற வரைக்கும் நிப்போம்மா" என்றாள் குட்டி. பொத்தானை அழுத்தினாள்.

லிஃப்ட் காலியாகத் திரும்பி வந்தது. கதவு திறந்தது. குட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல், உள்ளே காலை வைத்தாள்.