விசில் இல்லாத கபடி

பொன்னழகு அண்ணன் வாயில் விசில் இருக்கவே கூடாது. அகரத்துக் கபடிப் போட்டியில் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே வேலை அதுதான். அவர்தான் நடுவர்.

"ஏன் லிடியா, விசிலடிக்காம எப்படி ஆட்டம் நடத்துறது?"

"வாயால கத்துங்கண்ணே. தம்பிக்கு அந்தோணியார் கோயில்ல நேர்த்திக்கடன். விசில் சத்தத்துக்கு ஆடக்கூடாது."

வாய் கூசாமல் புளுகினேன். அந்தோணியார் பேரைச் சொன்னால் எங்கள் பக்கம் எந்தச் சாமி கும்பிடுகிறவரும் மறுத்துப் பேச மாட்டார். விசில் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

உண்மை வேறு. என் தம்பி ஆல்வினைச் சின்ன வயதில், அவன் செய்யாத சைக்கிள் திருட்டுக்காகப் பிடித்துச் சிறுவர் ஜெயிலில் போட்டார்கள். அங்கே விசில் ஊதியதும் தலையில் கை வைத்துக் குந்த வேண்டும். பிந்தினால் உள்ளங்காலில் பிரம்படி. வெளியே வந்து எத்தனையோ வருஷமாகியும், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விசிலடித்தால் போதும், நடுவழியில் குந்திவிடுவான். சனம் சிரிக்கும். அந்த வார்டன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் தெரியும் சேதி!

எந்த வேலையும் அவனுக்கு நிலைக்கவில்லை. கபடி மட்டும் நிலைத்தது. அன்று மில் டீமுக்கு ஆள் பொறுக்க இருதயநாதன் சார் வந்திருந்தார். அவர் கண்ணில் பட்டால் மில்லில் நிரந்தர வேலை.

அடேயப்பா, என்ன ஆட்டம்! தம்பி கபடி பாடிப் போனால் எதிரணி சிதறியது. நான் பெண்பிள்ளை என்பதையே மறந்து தொண்டை கிழியக் கத்தினேன். இருந்தும் கடைசிப் பாட்டு வரைக்கும் இரண்டு பக்கமும் சமம்.

ஆல்வின் உள்ளே புகுந்து ஒருவனைத் தொட்டுவிட்டான். தொட்டதுதான் தாமதம், எங்கள் ஊர்ப் பயல்களே சந்தோஷத்தில் வாயில் விரல் வைத்து அடித்தார்கள் ஒரு விசில்!

நடுவர் வாயை அடைத்த மடச்சி நான், ஊர் வாயை மறந்துவிட்டேன்.

நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்பியவன் அப்படியே குந்திவிட்டான். தலையில் கை. உதடு மட்டும் நடுங்கிக்கொண்டே "கபடி கபடி" என்றது. அவன் இடுப்பைக் குறிவைத்துப் பாய்ந்த மூன்று பேரும் அவன் தலைக்கு மேல் மண்டையோடு மண்டை மோதினார்கள். ஒருவன் மேலே விழுந்த வேகத்தில் ஆல்வின் முன்னால் சரிய, அவன் கை நடுக்கோட்டில் பட்டது. ஜெயித்துவிட்டோம்!

களத்துக்குள் விழுந்தடித்து ஓடினேன். இருதயநாதன் சார் எனக்கு முன்னால் போய் அவனைத் தூக்கி நிறுத்தியிருந்தார்.

"ஏப்பா, இந்தக் குந்துற வித்தையை எந்தக் கோச் சொல்லிக் குடுத்தாரு?"

நான் அந்தோணியாரை மறுபடி கூப்பிட வாயெடுத்தேன். தம்பி முந்திக்கொண்டான்.

"வார்டன் சார். பசங்க ஜெயில்ல. விசிலடிச்சா குந்தணும், இல்லாட்டி அடி."

போச்சு, எல்லாம் போச்சு! சார் அவன் தோளிலிருந்து கையை எடுக்கவேயில்லை. "திங்கக்கிழமை மில்லுக்கு வந்துரு அப்பு," என்றார்.

நான் எம்பிக் குதித்தேன். ஆல்வின் அசையவில்லை.

"சார், ஷிப்டு மாறுறப்ப மில்லுல என்ன ஊதுவாங்க?"

சம்பளம் எம்புட்டு என்று கேட்காமல் இதைக் கேட்கிறான் என் தம்பி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சங்குதான். ஏன்?"

"விசில் இல்லையே?"

"இல்லப்பா. சங்கு மட்டுந்தான்."

"அப்ப வாரேன் சார்."