பதினெட்டுப் பேர் படிக்கும் பள்ளிக்கூடம்

காலை எட்டரை மணிக்கு அம்பிகா டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, பள்ளிக்கூட வராந்தாவில் பதினான்கு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒன்றுகூட அவளிடம் படிக்கிற பிள்ளை இல்லை. உடம்பில் அரசாங்கச் சீருடை, மடிப்புக் கலையாத புதுத்துணி. காலிலோ பளபளக்கிற கறுப்பு ஷூ. அத்தனை பேரும் தினமும் வேனில் ஏறிப் போய் வேடசந்தூரில் இங்கிலீஷ் மீடியம் படிக்கிறவர்கள். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் வேனை வரவேண்டாம் என்று சொல்லி, அவர்களை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் தண்டாயுதபாணி.

“எல்லாம் ரெடி டீச்சரம்மா. ஆபீசர் பத்து மணிக்கு வாராரு. நீங்க எழுதுன பேருச் சீட்ட ஆளுக்கொன்னாக் குடுத்திட்டேன். கூப்பிட்டா டக்குனு எந்திரிச்சு உள்ளேன்னு சொல்லிப்புடும்” என்றார் அவர். ஏதோ கோயில் காரியம் செய்து முடித்த நிறைவு அவர் முகத்தில் இருந்தது.

செம்மாரிப்பட்டியில் பிள்ளை பிறப்பது நின்றே போய்விட்டது என்று சொல்லலாம். கல்யாணமான கையோடு இளசுகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் கிளம்பிவிடுகிறார்கள். பெறுகிற ஒன்றையும் அங்கேயே பெற்று அங்கேயே வளர்க்கிறார்கள். ஊர் முக்கில் காதுகுத்து பேனர் கட்டி இரண்டு வருடமாகிறது. கண்ணீர் அஞ்சலி பேனர் மட்டும் ஒன்றைக் கழற்றுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு உண்மையில் வருவது நான்கே பிள்ளைகள்.

பதிவேட்டில் இருப்பதோ பதினெட்டு. அதில் பதின்மூன்று பேர் அப்பா அம்மாவோடு ஊரைவிட்டுப் போனவர்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தவர்களை ‘அடுத்த வாரம் வாங்க’ என்று இழுத்தடித்தவள் அம்பிகாதான். எண்ணிக்கை குறைந்தால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள், தன்னைக் கொடைக்கானல் மலைக்குத் தூக்கியடிப்பார்கள் என்று அவளுக்குப் பயம். இடம் கொடுத்த தன் அப்பாவின் பெயரைக் கல்லில் வெட்டிச் சுவரில் பதித்திருக்கும்போது பள்ளிக்கூடம் மூடினால் மானம் போய்விடும் என்பது தண்டாயுதபாணியின் கவலை. தன் பேத்தியைத் தினமும் வேனில் ஏற்றி அனுப்பும்போது மட்டும் அந்த மானம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது.

பதினெட்டாவது பெயர் யுவராணி. மூன்றாம் வகுப்பு. போன ஐப்பசியில் காய்ச்சல் கண்டு, நாலாம் நாள் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோகிற வழியிலேயே இறந்துபோனாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற முத்துப்பேச்சியின் ஒரே மகள். அந்தப் பெயரை அடிக்க அம்பிகா இரண்டு தடவை பேனாவை எடுத்தாள், இரண்டு தடவையும் மூடி வைத்துவிட்டாள். நேற்று சாயங்காலம் சீட்டு எழுதும்போது அந்தப் பெயரையும் தன் கையாலேயே எழுதினாள். சமையல் கூடம் பின்னால்தானே இருக்கிறது, முத்துப்பேச்சியின் காதில் விழாது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படித்தவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானத்தைப் போல அருவருப்பான ஒன்று வேறில்லை.

“டீச்சர்!”

கேட்டுக்கு வெளியே பசந்தி நின்றிருந்தாள். ஒடிசாக்காரி. ஊருக்கு வெளியே உள்ள நூல் மில்லில் அவளும் புருஷனும் ஒன்பது வருடமாக வேலை செய்கிறார்கள். மில் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் அவர்களைப் போல இருபது குடும்பங்கள், பள்ளிக்கூட வயதில் பன்னிரண்டு பிள்ளைகள். இந்த ஊர் எல்லைக்குள் கடைசியாகத் தொட்டில் ஆடியது அந்த வீடுகளில்தான். மகள் ரேணுவைச் சேர்க்கச் சொல்லி அவள் வருவது இது நாலாவது தடவை.

“பாப்பாக்கு ஆறு வயசு ஆச்சு டீச்சர். ஆதார் இருக்கு. பொறந்த சர்டிபிகேட் இருக்கு. வேடசந்தூர் ஆஸ்பத்திரிதான்.”

“நான் இங்கனதான் பொறந்தேன் டீச்சர். எனக்கு எழுதத் தெரியும். வாரேன், உள்ள விடுங்க” என்றாள் ரேணு. அந்த ஊர்ப் பிள்ளை பேசுகிற பேச்சு அப்படியே இருந்தது.

தண்டாயுதபாணி குறுக்கே வந்தார். “இன்னைக்குத்தான் வரணுமாக்கும்? போ, போ. அடுத்த வருசம் பாக்கலாம்.” பிறகு அம்பிகாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “ஒன்னச் சேத்தா பன்னெண்டும் வந்து ஒக்காந்துக்கிரும் டீச்சரம்மா. அப்பறம் அதுக பக்கத்துல நம்ம புள்ளைக ஒக்காருமா?”

அம்பிகா கேட்டுப் பக்கம் போனாள். “ஆபீசர் போகட்டும் பசந்தி, அப்புறம் பேசலாம்” என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினாள். பசந்தி போகவில்லை. மகளைப் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றாள்.

பத்தே காலுக்கு வட்டாரக் கல்வி அலுவலர் ஆண்டனிராஜ் ஜீப்பில் வந்து இறங்கினார். தண்டாயுதபாணி சீவிக் கொடுத்த இளநீரைக் குடித்துக்கொண்டே வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை பிள்ளைகளின் ஷூ மீது ஒரு நிமிடம் நின்றது. பதினைந்து வருடம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கிய மனிதருக்கு அது என்னவென்று புரியாமலா இருக்கும்? “பரவாயில்லையே டீச்சர், பிள்ளைங்க நல்லாத்தான் வர்றாங்க” என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார்.

“மதன்குமார்.”

“உள்ளேன் ஐயா!”

மதன்குமார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில், பள்ளிக்கூடம் போக வழியில்லாமல் விளையாடிக்கொண்டிருப்பான். அவனுடைய சான்றிதழ் இன்னும் அம்பிகாவின் பீரோவில் கிடந்தது.

“யுவராணி.”

தண்டாயுதபாணியின் பேத்தி எழுந்து நின்றாள். “உள்ளேன் ஐயா!” என்று கணீரென்று சொன்னாள்.

பின்பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. முத்துப்பேச்சி ஈரக்கையோடு வகுப்பு வாசலுக்கு வந்தாள். எழுந்து நின்ற பிள்ளையையே பார்த்தாள்.

“நீ யாரு தாயி?”

“தாத்தாதான் அப்டிச் சொல்லச் சொன்னாரு” என்று அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்தாள்.

“முத்துப்பேச்சி, உள்ள போ. எல்லாம் ஊரு நன்மைக்குத்தான்” என்று அதட்டினார் தண்டாயுதபாணி.

அவள் திரும்பிக் கேட்டுக்கு வெளியே நின்ற ரேணுவைப் பார்த்தாள். “எம் மகளைக் குழியில எறக்குறப்ப நீங்களும்தான நின்னீக ஐயா? மண்ணு தள்ளிட்டு வந்து அவ பேருக்கு ஆள் புடிச்சிருக்கீக. செத்தவளுக்கு இங்க எடம் இருக்கு. உசுரோட அந்த வெயில்ல நிக்கிற புள்ளைக்கு எடம் இல்லையாக்கும்?”

அம்பிகாவுக்குத் தலை நிமிரவில்லை. ஆண்டனிராஜ் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “பெருசு பண்ணாதீங்க டீச்சர். நீங்க ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. பேப்பர் சரியா இருக்கு, அது போதும்.”

அவரைப் பார்க்க அம்பிகாவுக்கு வெறுப்பாக இருந்தது. இத்தனை நாள் தானும் இதே வாயால்தானே பேசினோம் என்று நினைத்தபோது தன்மேல் அதைவிட அதிக வெறுப்பு வந்தது.

“பேப்பர் மட்டும்தான் சார் சரியா இருக்கு” என்றாள் அம்பிகா. “இதுல நாலு பேருதான் என்கிட்ட படிக்கிறாங்க. மத்ததெல்லாம் பொய். எழுதினது நான்தான். என்மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. திருப்பூர் போன பிள்ளைங்களுக்கு இன்னைக்கே சான்றிதழ் அனுப்பப்போறேன். லைன் வீட்டுப் பிள்ளைங்க பன்னெண்டு பேரையும் சேக்கப்போறேன்.”

“அந்த வடக்கத்திப் புள்ளைகளச் சேத்தா எங்க புள்ளைக ஒன்னுகூட இந்தப் படி ஏறாது. பாத்துக்கங்க!” என்று கத்தினார் தண்டாயுதபாணி.

“உங்க பேத்தி இன்னைக்கு ஏறினதே பொய்ப் பேர்லதாங்கய்யா” என்றாள் அவள். “பிறக்கிறதும் சாகிறதும், போறதும் வர்றதும் சேர்ந்ததுதான் ஊரு. நாடும் அப்படித்தான். போனவங்க போகட்டும்னு விடாம, வந்தவங்களையும் உள்ள விடாம இருந்தா, பள்ளிக்கூடத்தை மூடுறது கவர்மெண்ட் இல்ல. நாமதான்.”

அவள் நடந்து போய்க் கேட்டை அகலத் திறந்து பசந்தியையும் ரேணுவையும் உள்ளே கூப்பிட்டாள். திரும்பி வந்து பதிவேட்டை எடுத்தாள். பதினெட்டாவது பெயரின் மேல் பேனா வந்து நின்றது. எதிரில் பெற்றவள் நிற்கும்போது எப்படி அடிப்பது?

முத்துப்பேச்சி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“அடிங்க டீச்சர். செத்தவளச் செத்துட்டான்னு எழுதுங்க. இருக்கிறவள இருக்கான்னு எழுதுங்க. அதுக்குத்தான நீங்கள்லாம் படிச்சீக?”