ஆறுக்குப் பதில் பதினொன்று

முதல் நாலு நாளும் அவர் தாளைத் தலைகீழாகத்தான் படித்தார். நான்கு கோடுகள், கோடுகள் மேல் எண்கள், அவ்வளவுதான் டேப் என்பது. எந்தக் கம்பியில், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் எத்தனையாவதில் விரலை வைப்பது என்று அது சொல்லிவிடும். பேஸ் கிட்டாரை மடியில் வைத்தால் தடித்த கம்பிதான் மேலே இருக்கிறது, ஆகவே மேல் கோடும் தடித்த கம்பிதான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். முப்பது வருஷம் லேத்தில் வரைபடம் பார்த்து இரும்பு கடைந்தவருக்கு அடிக்குறிப்பைப் படிக்கப் பொறுமை ஏது? ஐந்தாம் நாள், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, "இதுக்கு நம்ம வாஷிங் மெஷினே தேவலைங்க" என்றாள். அப்புறம்தான் தாளின் கடைசியில் 'மேல் கோடு மெல்லிய கம்பி' என்று மகன் எழுதியிருந்ததைப் பார்த்தார்.

மகன் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம். வேறொரு ஊரில் பேஸ் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசுவான். இவர் பக்கத்தில் வந்து செருமினால் போதும், "வேலை இருக்கும்மா" என்று வைத்துவிடுவான். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்காக அவன் போன மாதம் இணையத்தில் போட்டிருந்த ஒரு பாட்டின் டேப்பை அவள்தான் காட்டினாள். அதை அச்செடுத்து வந்து, அவன் விட்டுப்போன பேஸைப் பரணிலிருந்து இறக்கினார். ஒரே ஒரு பாட்டை முழுசாக வாசித்துவிட்டால் அவனிடம் பேச ஒரு சாக்குக் கிடைக்கும். வேறெதைச் சொல்லித் தொடங்குவது என்று மூன்று வருஷமாக அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் உட்கார முடிகிற உடம்பா அது? ஒரு வரி வாசிப்பார், எழுந்து ஜன்னலைச் சாத்துவார். அரை வரி வாசிப்பார், தண்ணீர் குடிக்கப் போவார். வந்து உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடும்.

"குட்டி போட்ட பூனை மாதிரி எதுக்கு இந்த நடை? அஞ்சுல வளையாதது அம்பதுல வளையாதுன்னு சும்மாவா சொன்னாங்க."

"எனக்கு அம்பத்தாறு."

"அப்ப சுத்தம்."

எண்கள் இருந்தனவே தவிர, ஒவ்வொன்றையும் எவ்வளவு நேரம் பிடிப்பது என்று தாளில் இல்லை. அதை அவள்தான் மேசையில் விரலால் தட்டிச் சொன்னாள். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "கதவைச் சாத்திக்கிட்டு ஒரு வருஷம் இதைத்தானே வாசிச்சான். நீங்க எங்க கேட்டீங்க?" என்றாள்.

மூன்றாம் வரிதான் உயிரை வாங்கியது. மெல்லிய கம்பியில் நாலு, அங்கிருந்து ஒரே தாவலாக அடுத்த கம்பியில் பதினொன்று, மறுபடி மெல்லிய கம்பிக்குத் திரும்பி ஏழு. பாட்டில் ஆறு இடத்தில் இதே தாவல். மூன்று வாரம் கை வலிக்க வலிக்கப் பழகிய பிறகுதான் எண்ணிப் பார்த்தார். அந்தப் பதினொன்றில் வருகிற ஒலி மெல்லிய கம்பியின் ஆறிலேயே இருக்கிறது, நாலுக்கும் ஏழுக்கும் நடுவில், விரலடியில். வெட்டும் கருவி இப்படி வீணாக ஓடினால் லேத் ஷாப்பில் அவர் சும்மா விடமாட்டார். சிவப்புப் பேனாவை எடுத்து ஆறு இடத்திலும் பதினொன்றை அடித்து ஆறு என்று எழுதினார்.

"பாரு உன் பிள்ளை லட்சணத்தை. பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுத்துறான்."

அவர் ஆறில் அழுத்தி மீட்டினார். 'ர்ர்ர்' என்று தகரம் அதிர்வது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி அழுத்தினார். அதேதான்.

"அந்த இடம் செத்துப்போச்சுங்க" என்றாள் அவள். "அன்னிக்கு மேசையில இடிச்சதுல."

விளக்கருகே பிடித்துப் பார்த்தார். மரத்தின் ஓரத்தில் ஒரு நசுங்கல், அங்கே ஃப்ரெட் மயிரிழை உள்ளே இறங்கியிருந்தது. வேலைக்கான நேர்காணலை விட்டுவிட்டு ஒத்திகைக்குப் போய் வந்தவன் கையிலிருந்து இதைப் பிடுங்கி மேசைமேல் வைத்தது அவருக்கு நினைவிருக்கிறது. வைத்தேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் இதே வீட்டில், இதே கருவியில், அவன் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டி வாசித்திருக்கிறான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இப்ப புதுசு வச்சிருக்கானில்ல?"

"ரெண்டு வருஷமாச்சு."

"இந்தத் தாளை எழுதினது போன மாசம்."

"ஆமா."

"புதுசுல அந்த இடம் நல்லாத்தானே இருக்கும்?"

அவள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள். நல்ல கருவி கைக்கு வந்தும் அவன் விரல் இன்னும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்.

மறுநாள் பேஸைப் போர்வையில் சுற்றி லேத் ஷாப்புக்கு எடுத்துப்போனார். "என்னண்ணே, கச்சேரியா?" என்று கேட்ட வெல்டரைக் கடந்து நேரே தன் மேசைக்குப் போனார். சாப்பாட்டு வேளையில் சாப்பிடாமல், இறங்கிய ஃப்ரெட்டை நெம்பித் தூக்கி, பசையிட்டு இறுக்கி வைத்தார். சாயங்காலம் மெல்லிய அரத்தால் மட்டம் பார்த்துத் தேய்த்தார். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக அவர் எதையும் தேய்த்ததில்லை. அழுத்தி மீட்டியதும் ஆறாவது ஃப்ரெட் கணீரென்று பேசியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி வீடியோ எடுக்கப் போனைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். சரிசெய்த இடத்தில் நேராக வாசித்து அனுப்பினால் அவனுக்குப் புரியும், வேறு பேச்சே வேண்டாம் என்பது அவர் கணக்கு. இரண்டு வரியும் தடங்கலில்லாமல் போயின. மூன்றாம் வரியில் நாலு. அடுத்து, அவர் கண் சிவப்பு மையில் எழுதிய ஆறைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கை தாவிப் பதினொன்றுக்குப் போய்விட்டது.

"இன்னொரு தடவை" என்றார். மறுபடியும் தாவியது. நாலாவது தடவையும் தாவியதும் எழுந்து ஜன்னல்வரை போய் வந்தார். "எல்லாத்தையும் அழிச்சிரு. ஒண்ணு சரியா வரட்டும், அப்புறம் பாப்போம்."

"முதல்ல எடுத்ததை அப்பவே அனுப்பிட்டேங்க."

"தாண்டினதையா?"

"ம்."

அவர் உட்கார்ந்தார். அவள் போனை மேசைமேல், இருவருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். முழங்கால் ஆடவில்லை. புதிதாகத் தேய்த்த ஃப்ரெட்டின் முனை வெயிலில் பளிச்சென்றிருந்தது. விரலை ஆறில் வைத்து அழுத்தி, மீட்டாமல், எடுக்காமல், போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.