தண்டல் கஸ்பார் குடித்திருந்தாரா

ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் மகாராஜன் ஜெப்ஸியை உட்காரச் சொல்லவில்லை. அவள் கொடுத்திருந்த மூன்றாவது அத்தியாயத்தை மேசையில் தள்ளிவிட்டு, "உங்கப்பாவுக்கு வக்காலத்து வாங்கத்தான் பிஎச்டிக்குச் சேந்தியா?" என்று கேட்டார்.

ஜெப்ஸிக்குக் காது சூடாகிவிட்டது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளைப் பற்றியது அவள் ஆய்வு. அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்படிப் போன தோணி ஒன்று வெங்காயமும் செங்கல்லுமாக மூழ்கியது. அதை ஓட்டிப்போன தண்டல் அவள் அப்பா கஸ்பார். அவரும், தோணியில் வேலைபார்த்த கலாசிகள் சிலரும் திரும்பவே இல்லை. மகாராஜன் எழுதிய தோணி வணிக நூலில் அதைப்பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: ‘தண்டல் குடிபோதையில் இருந்ததே விபத்துக்குக் காரணம்.’ அந்த வரிக்கு ஆதாரம் போதாது என்று தன் அத்தியாயத்தில் எழுதியிருந்தாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நான் மட்டுமா சொல்லுதேன்? துறைமுக விழா மலர்ல இருக்கு. பேப்பர்ல வந்துருக்கு. போன வருஷம் மாநாட்டுல ஒருத்தர் கட்டுரையே வாசிச்சாரு. எல்லாரும் சேந்து பொய் சொல்லுதாங்களா?"

"எல்லாரும் இல்ல சார். மாநாட்டுக் கட்டுரை உங்க புத்தகத்தப் பாத்து எழுதுனது. பேப்பர்காரங்க விழா மலரப் பாத்து எழுதுனாங்க. மலர்ல அந்தக் கட்டுரைய எழுதுனதும் நீங்கதான். எங்க சுத்திப் போனாலும் உங்ககிட்டதான் வந்து நிக்கு."

மகாராஜன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அடிக்குறிப்பப் பாத்தியா இல்லியா? நேர்காணல், வில்பிரட்னு போட்டுருக்கேன்."

"வில்பிரட் அந்தத் தோணில போனாரா சார்?"

"போய் அவர்கிட்டயே கேளு. என் வரிய ஒத்துக்கிட்டு எழுதிட்டு வந்தா கையெழுத்து. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கோ."

வில்பிரட் தோணி முதலாளியின் ஏஜெண்டாக இருந்தவர். எவ்வளவு சரக்கு ஏற்றுவது என்று முடிவு செய்தது அவர்தான். மில்லர்புரத்தில் அவர் வீட்டு வாசலில் ஜெப்ஸி போய் நின்றபோது, கிரில் கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே பேசினார்.

"நான் கரைலதான்ளா நின்னேன். எனக்கு என்ன தெரியும்? பிழைச்சு வந்த கிருபை சொன்னான்."

"குடிச்சிருந்தாருன்னு கிருபை சொன்னாரா மாமா?"

"தண்டலாலதான் கூடப் போன அவன் தம்பி செத்தான்னு சொன்னான். அப்ப வேற என்ன அர்த்தம்? கடல்ல தண்டல் செய்யுத தப்பு வேற என்னவா இருக்கும்?"

"லோடு கூடயா இருந்துருக்கலாம்."

"ஏளா, வாசல்ல நின்னு என்னையே குத்தம் சொல்லுதியா? உங்கப்பன் யோக்கியத ஊருக்கே தெரியும். போ அங்கிட்டு."

அவமானமாக இருந்தது. ஆனாலும் பஸ் ஏறும்போது அவள் மனம் துள்ளியது. யாருமே பார்க்காத ஒன்றை ஒருவர் ஊகித்து, இன்னொருவர் எழுதி, ஊரே நம்பியிருக்கிறது. பார்த்த ஆளிடம் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் போதும்.

கிருபை திரேஸ்புரத்தில் ஐஸ் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார். பிழைத்தவர்களில் இப்போது ஊரில் இருப்பவர் அவர் மட்டும்தான். கஸ்பாரின் மகள் என்றதும் முகம் இறுகியது.

"சித்தப்பா..."

"அப்பிடிக் கூப்பிடாத. என்ன வேணும்?"

அவள் செல்போனில் ரிக்கார்டரைப் போட்டு, அதை அவருக்குக் காட்டிவிட்டுக் கேட்டாள். "எங்கப்பா அன்னைக்குக் குடிச்சிருந்தாரா?"

"எவன் சொன்னான்? கடல் ஏறிட்டா அவரு தொட மாட்டாரு. குடிக்கல. லோடு கூடிப்போச்சு, அதான் தண்ணி ஏறிச்சு."

அதோடு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் வில்பிரட் சொன்னது உள்ளே உறுத்தியது. அதைக் கேட்காமல் போனால் மகாராஜன் செய்ததைத்தான் தானும் செய்வதாக ஆகும் என்று பட்டது.

"அப்ப தண்டலாலதான் உங்க தம்பி போனாருன்னு நீங்க சொன்னது?"

கிருபை அவளை முறைத்துப் பார்த்தார். "கேக்கணுமா உனக்கு? கேளு. தோணி சாயும்போது சின்ன வள்ளத்த இறக்கி உங்கப்பாதான் முதல்ல ஏறினாரு. எந்தம்பி நீந்திப்போய் வள்ளத்துக் கயித்தப் பிடிச்சான். தண்டலே, இருங்கன்னு கத்துனான். அவரு கயித்த அறுத்துட்டாரு. கொஞ்சதூரம் போறதுக்குள்ள அந்த வள்ளமும் கவுந்துட்டு."

ஜெப்ஸி, தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்க, "நீங்க எங்கன நின்னு பாத்திய? இருட்டா இருந்துச்சா?" என்றாள்.

"என்னைச் சந்தேகப்படுதியா?"

"எல்லார்ட்டயும் கேக்குற கேள்விதான்."

"பாய்மரத்தக் கட்டிப் பிடிச்சிட்டுக் கிடந்தேன். விடிஞ்சுட்டு. அவரு கைல இருந்த கத்தி வரைக்கும் தெரிஞ்சுது. செத்த ஆளப்பத்தி என்னத்தப் பேசன்னு அதுக்கப்புறம் எவன்ட்டயும் விவரமாச் சொல்லல. நீ எழுதணும்னா எழுது. எழுதிட்டு இந்தப் பக்கம் வராத."

அவள் எழுதினாள். கிருபை சொன்னதையும், அவர் எங்கிருந்து பார்த்தார் என்பதையும், அதே விபத்தில் தம்பியைப் பறிகொடுத்தவர் என்பதையும் எழுதினாள். அவர் சொன்னதைச் சரிபார்க்க இன்னொரு சாட்சி கிடைக்கவில்லை என்றும், எழுதுகிறவள் அந்தத் தண்டலின் மகள் என்றும் சேர்த்தாள். குடிபோதை என்பது கரையில் நின்றவரின் ஊகம் மட்டுமே என்று முடித்தாள்.

மகாராஜன் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கு என் வரியே தேவலையே. குடிகாரன்னாவது பேரு நின்னுருக்கும். நீ கொலைகாரன்னு எழுதி வச்சிருக்க."

"ஆமா சார். ஆனா இது ஒரு ஆள் பாத்தேன்னு சொல்லுறது. நீங்க எழுதுனத யாருமே பாக்கல."

அவர் கையெழுத்துப் போடவில்லை. வேறு வழிகாட்டிக்கு மாறுவதற்குள் அலைச்சலில் வருஷமே ஓடிவிட்டது. அப்பனை விற்றுப் பட்டம் வாங்குகிறாள் என்று துறையில் அவர் சொல்லித் திரிந்தது அவள் காதுக்கும் வந்தது. அவருடைய நூலின் மறுபதிப்பு அதே வரியோடு வெளிவந்தது.

வீட்டில் சொல்லாமல் இருக்க அவளுக்கு மனம் வரவில்லை. அம்மா எமில்டா துணி மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள். மடித்த சேலையை உதறி மறுபடியும் மடித்தாள்.

"அவரு குடிச்சிருந்தாருன்னே இருந்துட்டுப் போயிருக்கலாம்ளா."

"அம்மா, அது பொய்."

"உனக்குப் பொய். குடிகாரன் பொண்டாட்டின்னு இத்தன வருஷமும் கோயில்ல தலைகுனிஞ்சு நின்னேன். அது பழகிட்டு. கிருபை தம்பி பொண்டாட்டியும் அதே கோயிலுக்குத்தான் வாரா. இனி அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? யார்ட்டக் கேட்டுட்டு நீ இதத் தோண்டுன?"

அந்த ஞாயிற்றுக்கிழமை எமில்டா தேவாலயப் பூசைக்குப் போகவில்லை. அடுத்த வாரம் வேறு பங்குக் கோயிலுக்கு ஆட்டோ பிடித்துத் தனியாகக் கிளம்பினாள். கூட வரட்டுமா என்று கேட்ட மகளிடம், "நீ வராத" என்று மட்டும் சொன்னாள்.