குடிலுக்குள் நான்கு மில்லிமீட்டர்

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊரே வெள்ளத்தில் கிடந்த ஒரு டிசம்பர் நாளுக்கு நேராக, மழைப் பதிவில் நான்கு மில்லிமீட்டர் என்று இருந்தது. மிச்ச மழையை யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். திருடன் கிடைக்கவில்லை.

முதல் தொடக்கம்: "பெரியதாழைக்கு வடக்கே வானம் கறுத்து..." (வேண்டாம். வானம் கறுக்காத வெள்ளக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.)

2

ஜாக்சன் என்று ஓர் ஆளை உண்டாக்கினேன். பெரியதாழைப் பக்கத்து மீனவ ஊர் ஒன்றில், மாதா கோயில் வளாகத்து மழைமானியைத் தினமும் காலையில் அளப்பது அவன் வேலை. மழைமானி திறந்தவெளியில் நிற்க வேண்டும், சுற்றிலும் வேலி இருக்க வேண்டும். இரண்டும் சரியாகவே இருந்தன. கிறிஸ்துமஸ் குடில் போட இளைஞர்கள் இடம் தேடும்வரை.

வேலியோடு ஓர் இடம் தயாராக இருக்கும்போது வேறு இடம் எதற்கு? மேலே ஓலை, ஓலைக்கு மேல் தார்ப்பாய். மாட்டுச் சொரூபத்துக்கும் கழுதைச் சொரூபத்துக்கும் நடுவே மழைமானி. குடில் கமிட்டியில் ஜாக்சனும் உண்டு. அந்த வாரம்தான் வெள்ளம் வந்தது.

3

அவனைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். நடக்கவில்லை. ஓடைக்குப் பாலம் கட்டத் தூத்துக்குடியிலிருந்து வந்த இன்ஜினியர் சுஜிதாவிடம் அவன் பேசுவதைக் கேளுங்கள்.

"அளந்ததத்தான் எழுதுனேன் மேடம். ஒரு சொட்டு கூட்டல, கொறைக்கல."

"மேல தார்ப்பாய் கெடந்துச்சே?"

"இல்லன்னா மாதா சொரூபம் நனையும்லா."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

4

பாலத்துக்கு அடியில் தண்ணீர் போக எத்தனை குழாய் என்பதை இந்தப் பதிவை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். நான்கு மில்லிமீட்டருக்கு ஒரு குழாயே தாராளம். [இங்கே நிகழ்தகவு பற்றி ஒரு பத்தி இருந்தது. எப்படியும் தாண்டிப் போயிருப்பீர்கள், எடுத்துவிட்டேன்.] ஒரு குழாய் போட்டால் தண்ணீர் தேங்கி மறுபடியும் ஓடையோரத்து அமலோற்பவத்தின் வீட்டுக்குள்தான் போகும்.

பதிவில் சந்தேகம் இருந்தால், வெள்ளம் நின்ற கறையை அளந்து எழுதலாம். சுஜிதா நாடாவோடு அந்த வீட்டுக்குப் போனாள். சுவர் பளிச்சென்று இருந்தது. வெள்ளம் வடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது; அடுத்த கிறிஸ்துமஸுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள்.

5

முடிவு அ: சுஜிதா துணிந்து மூன்று குழாய் என்று எழுதுகிறாள். (மேலிடம் ஆதாரம் கேட்கும்.)

முடிவு ஆ: ஒரு குழாய்தான் போடுகிறார்கள். அடுத்த மழையில் அமலோற்பவம்... (எனக்கு மனசு வரவில்லை.)

ஆகவே சுஜிதாவை அவளிடமே கேட்கச் சொன்னேன்.

"அக்கா, தண்ணி எதுவர நின்னுச்சு?"

அமலோற்பவம் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கு இங்கன வர."

சுஜிதா நாடாவை விரித்தாள்.

"அவருதான் முங்கிட்டாரு. படுத்த படுக்கையா கெடந்தாருல்லா. என்னால தூக்க முடியல, பிள்ள."

படிவத்தில் 'வெள்ள உயரத்துக்கு ஆதாரம்' என்று ஒரு கேள்வி இருக்கிறது. பதில்கள் மூன்று: சுவர், தூண், மரம். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். சுஜிதா பேனாவைத் திறந்துவிட்டாள். எதில் போடச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்.